கிளிமூக்கு, பார்க்க: பெங்களூரா

மூன்று நாள் பயிற்சி. முதல் நாள் முழுக்க
கணினிக்கு நாலு பேர், ஒரு மவுஸ்.
கோவையிலிருந்து வந்த ரெஹானா மேடம் சொன்னார்:
அட்டை போய்விட்டது, பதிவும் போய்விடும்,
இனி எல்லாம் உறவு.
இந்த ஆள் எழுதினார், அந்த ஆள் பெயர்த்தார்,
இந்த ஊர் அந்த ஊருக்குள் இருந்தது.
எங்க ஊரிலும் அப்படித்தான் மேடம் என்றார்
தளியிலிருந்து வந்த கெம்பண்ணா,
யாரைத் தொட்டாலும் மாமன் மச்சான்.

உதாரணத்துக்கு ஆப்பிளை எடுத்தார்.
கிருஷ்ணகிரியில் ஆப்பிளை வைத்து என்ன செய்வது,
மாங்காய் கேட்டோம்.
பலகையில் பெங்களூரா என்று எழுதினார்.
கிளிமூக்கு என்றாள் பர்கூர் ரோசலின்.
கிணிமூத்தி என்றார் கெம்பண்ணா.
தோத்தாபுரி, ஏற்றுமதி ரசீதில் அப்படித்தான் இருக்கும் என்றேன்,
கூழ் கம்பெனியில் புருஷனுக்கு வேலை.
சித்தூர்ப் பக்கம் கலெக்டர் என்பார்கள் என்று யாரோ சொல்ல
கலெக்டர் என்று தேடுகிறவருக்கு
மாவட்ட ஆட்சியரும் வருவார், ஊறுகாயும் வரும்,
பக்கத்தில் கனி என்று போடுங்கள் என்றார் மேடம்,
சிரிக்காமல்.

ஒரு பெயர் தலை. மற்றதெல்லாம் கை நீட்டி
அதோ அங்கே போ என்று காட்டும்.
எது தலை என்பதில்தான் சண்டை.
சாப்பாட்டு மணி வரை நடந்தது.

திங்கட்கிழமை என் மேஜை.
நன்கொடைக் கட்டில் இரண்டு புத்தகம்.
மாவில் தத்துப்பூச்சி: கண்டறிதலும் மருந்தும்.
சி. முனிரத்தினம், தோட்டக்கலைத் துறை, ஓய்வு.
எண் 634.44.
மற்றது நாற்பத்தெட்டுப் பக்கம், பெண்ணையாறன் கவிதைகள்.
பூ உதிர்ந்த மரத்தடியில் உன் செருப்பு
என்று ஒரு வரி. யாருடைய செருப்பு என்பது
கடைசிப் பக்கம் வரை தெரியவில்லை.
எண் 894.811.
இரண்டு அலமாரிக்கும் நடுவே பதினோரு எட்டு,
ஒரு தண்ணீர்க் குடம்.
ஆனால் பின்னட்டை இரண்டிலும் ஒரே கைபேசி எண்.

போன வாரம் வரை கண்ணில் பட்டிருக்காது.
பயிற்சி அப்படித்தான் கெடுத்துவிடுகிறது.

போன் போட்டேன்.
அய்யா, மைய நூலகம். நீங்கள் ஒருத்தரா, இரண்டு பேரா?
டிராக்டர் சத்தம். யாரோ கூடை எண்ணும் சத்தம்.
பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம்.
யாரும்மா கேக்கச் சொன்னது?
விதி என்றேன்.
அவர் சிரித்து முடிக்க அரை நிமிடம் ஆனது.
மருந்து புஸ்தகத்த நம்பி அடிக்கிறவன் இருக்கான்,
செருப்பப் படிச்சா நம்ப மாட்டான்.
அப்புறம் வீட்ல ஒருத்தி இருக்கா,
அவளுக்குத் தத்துப்பூச்சி மட்டுந்தான் தெரியும்.
ரெண்டு பேராவே இருக்கட்டும்.

விதி அதற்கும் இடம் வைத்திருக்கிறது.
புனைபெயரைத் தனி ஆளாகக் கொள்ளலாம்.
தனிப் பதிவு, தனி எண்,
நடுவில் மேலும் பார்க்க என்று ஒரு கயிறு.
கயிற்றைக் கட்டவா என்று கேட்க மறந்துவிட்டேன்,
அல்லது கேட்கவில்லை.
ஒருவர் பெயருக்குப் பின்னால் 1953, ஒரு கோடு.
மற்றவர் பெயருக்குப் பின்னால் வெறும் கோடு.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு மின்னஞ்சலில் சான்றிதழ் வந்தது,
பெயர்களை ஒழுங்குபடுத்தப் பயிற்சி பெற்றதற்கு:
எம். நஞ்சம்மா.
ஆதாரில் மா. நஞ்சம்மாள்.
சம்பளப் பட்டியலில் நஞ்சம்மாள் கெ.
அப்பா எழுத்து ஓரிடம், புருஷன் எழுத்து ஓரிடம்.
மூன்று பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து
அதைப் படித்தோம்.

கயிற்றைக் கட்டவில்லை.
வாசகர் யாரும் பார்க்காத உள்குறிப்பு வரியில்
பின்னட்டை பார்க்க என்று மட்டும் தட்டினேன்,
எனக்குப் பிறகு பயிற்சிக்குப் போய்
கெட்டு வருகிறவருக்காக.

முத்திரை குத்தினேன். முதலில் செருப்பை வைத்தேன்.
குடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு
மீதி எட்டு நடந்து
பூச்சியை வைத்தேன்.